கடைசி தோசையும் ஒரு ட்ரே பாஸ்தாவும்

போன தை மாதம் அழகர்கோவில் ரோட்டில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், என் கணவரின் சித்தி என் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டில் அம்மா என்னென்ன செய்து தருகிறாள் என்று விசாரித்திருக்கிறார். அவனும் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, வியாழக்கிழமை ராத்திரி பேக்டு பாஸ்தா என்று முடித்திருக்கிறான். நான் சின்னத்தை என்று கூப்பிடும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, ராத்திரிக்கு அதப் போட்டா பிள்ளைகளப் படுக்க வைக்கிற? ஆளுக்கு ரெண்டு தோசை ஊத்திக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகிரப் போகுது?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் வீட்டுக்கு வருவதற்குள் மறந்திருப்பேன். இது மறக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்ற அந்தக் கேள்வி ஒரு வாரம் என்னோடு ஆபீசுக்கு வந்தது, திரும்பி வீட்டுக்கும் வந்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகனுக்கு நாலு, மகளுக்கு மூணு, கணவருக்கு நாலு, அத்தைக்கு (கணவரின் அம்மா) ரெண்டு, எனக்கு மூணு. ஆகப் பதினாறு தோசை. ஒரு தோசைக்குக் கல்லைத் துடைத்து, ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பி எடுக்க இரண்டரை நிமிடம். நாற்பது நிமிடம் ஆகிறது. இதில் சட்னி அரைத்ததைச் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு கிரைண்டரில் ஆட்டியதையும் சேர்க்கவில்லை. நாற்பது நிமிடம் என்பது ஒன்றும் பெரிய நேரமில்லை என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் கல்லுக்கு முன்னால் நின்றாக வேண்டும், அதுவும் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கிற அந்த ஒரே நாற்பது நிமிடத்தில்.

தோசைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

தோசையை நான் குறை சொல்லவே மாட்டேன். மதுரையில் பிறந்து வளர்ந்தவள், முறுகலாக ஒரு தோசையும் தக்காளிச் சட்னியும் கிடைத்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் தோசை என்பது சுடச்சுட ஒருத்தர் தட்டில் விழ வேண்டிய பண்டம். சுட்டு அடுக்கி வைத்தால் வதங்கிப்போகும். அதனால் ஒருத்தர் நின்று சுட, மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வேறு வழியே கிடையாது. சப்பாத்தியும் அப்படித்தான், பூரியும் அப்படித்தான். நம் ராத்திரிச் சாப்பாட்டில் பாதி, ஒருத்தரை அடுப்படியில் நிறுத்தி வைத்தே நடக்கிறது. நிற்பவர் கடைசியாகச் சாப்பிடுவார். கடைசி தோசைக்கு மாவு கொஞ்சம் போதாமல் இருக்கும், பாத்திரத்தை வழித்து ஊற்றியது தடிமனாக, நடுவில் ஓட்டையோடு வரும். சட்னி தீர்ந்திருக்கும், இட்லிப் பொடி இருந்தால் உண்டு. அதற்குள் மகள் படிக்கப் போயிருப்பாள், மகன் தூங்கி வழிவான், கணவர் போனில் கடைக் கணக்கு பேசிக்கொண்டிருப்பார். நான் சிங்க் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பேன். பதினேழு வருடமாக இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார், அத்தையும் அப்படித்தான் சாப்பிட்டார்.

பாஸ்தா வந்தது இதையெல்லாம் யோசித்து இல்லை. ஞாயிறு ஆட்டிய மாவு புதன்கிழமையோடு தீரும், இல்லையென்றால் புளித்துவிடும். வியாழக்கிழமை மாவு இல்லாத நாள். கணவருக்குக் கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை, சரக்கு இறங்கும் நாளில் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நான் காளவாசலில் ஆபீஸ் முடித்து, கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டி அண்ணா நகர் வந்து சேர ஏழு ஏழரை ஆகிவிடும். மகள் பத்தாம் வகுப்பு, டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருவாள். அதனால் வியாழன் என்றால் பார்சல். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம், தூங்கா நகரத்தில் நடுராத்திரி போனாலும் கல்லில் பரோட்டா கிடக்கும், கவரில் சால்னா கட்டித் தருவார்கள். ஆசைக்கு மாதம் ஒரு நாள் என்றால் சரி. வாரா வாரம் என்றபோது மகனுக்கு வயிறு கேட்கவில்லை, அத்தைக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை வியாழக்கிழமைகளில் மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மோர் விட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். எனக்கு அது பெரிய உறுத்தலாக இருந்தது. கேக் செய்ய வாங்கிய ஓவன் ஒன்று, வருடத்தில் மூன்று பிறந்த நாளுக்கு மட்டும் வேலை பார்த்துவிட்டு அலமாரி மேல் உறை போட்டு உட்கார்ந்திருந்தது. அதை இறக்கினேன்.

குழாய்ச் சேமியா

முதல் இரண்டு தடவை நன்றாக வரவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்க வேண்டும். அது கெட்டியான கோதுமை, இங்கே மத்தியப் பிரதேசத்துப் பக்கம் நிறைய விளைகிறது, ரவையே இளமஞ்சளாக இருக்கும், புரதம் அதிகம். விலை குறைவாக இருக்கிறதே என்று நான் முதலில் வாங்கியது மைதா கலந்தது. கொதிக்கும்போதே தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்து, வடிகட்டினால் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டது. அத்தை எட்டிப் பார்த்து, "என்னத்தா, களி கிண்டுறியா?" என்று கேட்டார். இரண்டாவது தப்பு, பாக்கெட்டில் சொன்ன நேரம் முழுக்க வேகவிட்டது. ஓவனுக்குள் போகிற பாஸ்தா அங்கேயும் வேகும், சாஸைக் குடித்து இன்னும் உப்பும். பாக்கெட்டில் பதினொரு நிமிடம் என்றால் ஒன்பதாவது நிமிடம் எடுத்துவிட வேண்டும், கடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். குழைய விடாமல் எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்தக் கோதுமையின் புரதம் மாவுச்சத்தை வலை மாதிரி பிடித்து வைத்திருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. குழைத்துவிட்டால் அந்தப் பலன் குறைந்துபோகும். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் நான் இதில் கவனமாக இருக்கிறேன், அவர் தட்டில் பாஸ்தா பாதி, காய் பாதி.

அப்புறம் சாஸ். நானூறு கிராம் பாஸ்தாவுக்கு முக்கால் கிலோ நாட்டுத் தக்காளி. பெங்களூர்த் தக்காளியில் சதை இருக்கும், புளிப்பு இருக்காது. சீஸும் பாலும் சேரும் இடத்தில் அந்தப் புளிப்பு இல்லையென்றால் திகட்டிவிடும். சின்ன வெங்காயம் பதினைந்து, கொடைக்கானல் மலைப்பூண்டு பத்துப் பல் (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, காரமும் மணமும் அதற்குத் தனி), வரமிளகாய் நாலு, எல்லாவற்றையும் வதக்கி தக்காளி சுண்டி எண்ணெய் ஒதுங்கும் வரை விட வேண்டும். காய்க்கு ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை எங்கள் அண்ணா நகரில் இருப்பதுதான், அந்தப் பெருமை எங்கள் பகுதிக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. அங்கே அன்றைக்கு எது இளசாக இருக்கிறதோ அதுதான் வியாழக்கிழமை ட்ரேக்குள் போகும். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், ஒரு தடவை சுரைக்காய்கூடப் போட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. சில சமயம் சுக்காவுக்கு எடுத்த கறியில் கொஞ்சம் மிஞ்சும். அதை உதிர்த்து நடு அடுக்கில் பரப்பிவிட்டால் அன்றைக்கு என் கணவர் பேசவே மாட்டார், சாப்பிட்டு முடித்துத்தான் நிமிர்வார்.

வெள்ளைச் சாஸ் என்றால் பலருக்குப் பயம், கட்டி தட்டிவிடும் என்று. ஐம்பது கிராம் வெண்ணெய் உருகியதும் ஐம்பது கிராம் மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போய் வறுத்த கடலை மாவு மாதிரி ஒரு மணம் வரும் வரை சிம்மில் கிண்டுங்கள். நிறம் மாறக் கூடாது. அப்புறம் ஆறின பாலை ஒரு கரண்டி ஊற்றிக் கரைத்து, இன்னொரு கரண்டி ஊற்றிக் கரைத்து, இப்படியே முக்கால் லிட்டர். நான் ஆவின் பச்சைப் பாக்கெட் எடுப்பேன், அதில் கொழுப்பு 4.5 சதவீதம், இதற்குச் சரியாக இருக்கிறது. கரண்டியைத் திருப்பி, பின்பக்கம் படிந்த சாஸில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதே சமயம் கரண்டியைச் சாய்த்தால் ஒழுகவும் வேண்டும். கெட்டியாக இருந்தால்தான் ருசி என்று முதலில் நினைத்தேன். காலையில் அடுக்கி வைத்த பாஸ்தா ராத்திரிக்குள் அவ்வளவையும் உறிஞ்சிக்கொண்டு வறட்டி மாதிரி வந்தது. இது தண்ணியா இருக்கே என்று மனதுக்குச் சந்தேகம் வர வேண்டும், அதுதான் பதம். மேலே துருவிய மொசரெல்லா ஒரு கைப்பிடி நிறைய, அதோடு சாதாரண சீஸ் க்யூப் இரண்டு. மொசரெல்லா நூல் நூலாக இழுபடும், க்யூப் உப்பும் ருசியும் தரும்.

ஒரு எச்சரிக்கை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கண்ணாடி ட்ரேயைச் சூடான ஓவனுக்குள் தள்ளாதீர்கள், விரிசல் விடும். நான் ட்ரேயை வெளியே எடுத்து இருபது நிமிடம் வைத்துவிட்டு, சூடேறாத ஓவனுக்குள் வைத்து அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போடுவேன். 180 டிகிரி, நாற்பது நிமிடம். ஆயிரத்து ஐநூறு வாட் ஓவன், சூடு ஏறியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் ஒரு யூனிட்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். ஓவன் இல்லாதவர்களுக்கு, உசிலம்பட்டியில் இருக்கும் என் தங்கை செய்வது இது: அடிகனமான சட்டியில் அடுக்கி மூடி, அடியில் தோசைக்கல்லைப் போட்டு சிம்மில் அரை மணி நேரம். சீஸ் உருகிவிடும், மேலே சிவக்காது. பிரியாணி தம்முக்கு மூடி மேல் கங்கு அள்ளிப் போடுவார்களே, மேல்சூடு இல்லாமல் அந்தச் சிவப்பு வராது.

இவ்வளவையும் படித்துவிட்டு, இதில் வேலை எங்கே குறைந்தது என்று கேட்பீர்கள். குறையவில்லைதான். காலையில் ஐந்தரைக்கு எழுந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும்போதே இதற்கும் நறுக்கி, ஏழு மணிக்குள் ட்ரேயை அடுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். தோசைக்கு நிற்கும் அதே நாற்பது நிமிடம் இதற்கும் ஆகிறது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் பசி இல்லை, யாரும் தட்டோடு காத்திருக்கவில்லை, ரேடியோவில் பாட்டு ஓடுகிறது, வீடு தூங்குகிறது.

அந்த வியாழக்கிழமை

அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த டிசம்பர். ஏழரைக்கு வந்து ட்ரேயை வெளியே வைத்துவிட்டுத் துணி மாற்றினேன். எட்டு மணிக்கு ஓவனைப் போட்டுவிட்டுக் குளித்தேன். குளித்துவிட்டு வந்து மகனோடு உட்கார்ந்து பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன், இருபது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து. அன்றைக்கு லாரி வரவில்லை என்று கணவரும் சீக்கிரம் வந்துவிட்டார். சீஸ் சிவக்கிற வாசனை ஹாலுக்கு வந்தபோது மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். ட்ரேயைக் கொண்டுவந்து ஹாலில் தரையில் ஒரு மனைப்பலகை மேல் வைத்தேன், சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேலே பொன்னிறத்தில் அங்கங்கே தவிட்டு நிறப் புள்ளிகள், ஓரத்தில் சாஸ் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் வெட்டி நாலு பேருக்கும் வைத்தேன். வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கால் பழக்கத்தில் அடுப்படிக்குத் திரும்பியது. அங்கே அடுப்பு எரியவில்லை, கல் சூட்டில் இல்லை, எடுத்து வர ஒன்றும் இல்லை. வாசல்படியில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கத்தா போற?" என்றார் அத்தை.

"இல்லத்தே, ஏதாவது வேணுமான்னு..."

"எல்லாந்தான் இங்கிட்டு இருக்கே. உக்காரு."

மகள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். என் தட்டில் வைத்ததில் இருந்தும் ஆவி வந்தது. மகன் சீஸை எவ்வளவு நீளம் இழுக்க முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தான், மகள் பரீட்சையில் விட்டுவிட்ட ஒரு மார்க் கேள்வியைப் பற்றிப் புலம்பினாள், கணவர் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பையனைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மூன்று வாரமாக வேலை பார்க்கிறானாம், இவர்களுக்கெல்லாம் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லியிருக்கிறார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை ரொம்ப நேரம் பேசாமல் சாப்பிட்டார். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார், "மேலூர்ல நம்ம வீட்டுல பதினோரு பேரு. அப்பயெல்லாம் தோசைங்கிறது தீவாளிக்குத்தான். விடியக்காலம் மூணு மணிக்கு வெறகடுப்புல ஒக்காந்தா, எல்லாரும் தின்னு முடிச்சு வெடி போடப் போயிருவாங்க. நான் எந்திரிக்கையில மாவும் இருக்காது, கொழம்பும் இருக்காது. கல்யாணத்துக்கு அப்புறம் சூடா ஒரு தோசை தின்னேன்னா, எனக்குக் காய்ச்சல் கண்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருந்தப்பதான். எங்க ஆத்தா சுட்டுக் குடுத்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "எல்லாரும் உக்காந்திருக்கையில நானும் உக்காந்து திங்கிறது, அம்பது வருசத்துல இந்தக் குழாய்ச் சேமியாவுலதான் நடக்குது" என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் அப்பத்தாவின் தொடையில் கையை வைத்துக்கொண்டாள். நான் சொல்ல நினைத்ததை இன்றுவரை சரியாகக் கோர்க்க முடியவில்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் வருடங்களில் இதே வீட்டில் நான் தட்டோடு உட்கார்ந்திருக்க, கல்லுக்கு முன்னால் நின்றது அத்தை. எனக்கு நாலாவது தோசை ஊற்றிக் கொடுத்தவர் அவர். அவர் என்ன சாப்பிட்டார் என்று அன்று நான் திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

கல்யாண வீட்டில் சின்னத்தை கேட்டது இதற்கு ஒரு மாதம் கழித்து. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை அவ்வளவு அலைக்கழித்தது என்று இப்போது தோன்றுகிறது. சின்னத்தையும் ஐம்பது வருடம் நின்று தோசை ஊற்றியவர்தான். அவர் கேட்டதில் தப்பில்லை. பிள்ளைகள் பழகின சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்று அவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. தெற்கு இத்தாலியில் இந்த ஓவன் பாஸ்தா ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு, அவர்களுக்கு அது நம்ம கறிக்குழம்பு மாதிரி. அந்தச் சாப்பாடு எந்த ஊருடையது என்பதை அத்தையும் கேட்கவில்லை, நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோசை நாட்களிலும் எங்கள் வீட்டில் சிலது மாறியிருக்கிறது. இப்போது செவ்வாய்க்கிழமை கணவர் கல்லுக்கு முன்னால் நிற்கிறார், வட்டம் இன்னும் வரவில்லை, வரும். பரீட்சை முடிந்ததும் தானும் ஒரு நாள் எடுத்துக்கொள்வதாக மகள் சொல்லியிருக்கிறாள். மகன் பதினொரு வயதுக்காரன், அவனுக்கு இப்போதைக்குத் தட்டு எடுத்து வைக்கிற வேலை.

வியாழக்கிழமை மட்டும் மாறாமல் ட்ரே. ட்ரேயின் நாலு மூலையும் அத்தைக்கு என்று எழுதாத சட்டம். பாலும் சீஸும் கண்ணாடியில் ஒட்டி, தவிட்டு நிறத்தில் முறுகிப்போய் நிற்குமே, அது. சின்ன வயதில் அவர் வீட்டில் எருவாட்டி நெருப்பில் நாள் முழுக்கப் பால் சட்டி காயுமாம், சாயங்காலம் சட்டியைக் கழுவும் முன்னால் அடியில் பிடித்த காந்தலைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டித் தின்ன அண்ணன் தம்பிகளோடு அடிதடி நடக்குமாம். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கிற அதே ருசிதான் இதுவும். முதல் தடவை வாயில் போட்டதுமே, "இது பால்காந்தல்டா" என்று பேரனிடம் சொன்னார். பாத்திரம் தேய்ப்பது வியாழக்கிழமைகளில் என் கணவர். போன வாரம் அவர் ட்ரேயை எடுத்துப்போய் சிங்க்கில் வைத்து வெந்நீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டதும், டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏய், ஊறப் போட்டுறாதய்யா, அந்தப் பக்கத்து மூலைய நான் இன்னும் சுரண்டல."